தலைமையாசிரியரின் பாடவேளை

இரண்டே ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். தமிழ்நாட்டின் ஈராசிரியர் தொடக்கப்பள்ளிகளில் அந்த இருவரில் ஒருவர்தான் தலைமையாசிரியர். மூன்றாம் வகுப்புக்குக் கடன்வாங்கிக் கழித்தல் சொல்லிக்கொடுக்கும் நேரத்திலேயே காலை உணவுக் கணக்கு, எமிஸ் வருகைப்பதிவு, மாற்றுச் சான்றிதழ் கேட்டு வாசலில் நிற்கும் தாய், வட்டாரக் கல்வி அலுவலகத்துத் தொலைபேசி எல்லாம் அவரைத் தேடி வருகின்றன. எழுந்து போனால் வகுப்பு நிற்கிறது. போகாவிட்டால் பதிவேடு நிற்கிறது.

மேல்நிலைப்பள்ளியின் நிலை வேறு. அங்கே தலைமையாசிரியருக்குத் தனி அறை உண்டு, அலுவலகப் பணியாளர்கள் உண்டு. அவரும் வாரத்தில் சில பாடவேளைகளாவது எடுக்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. ஆனால் ஆய்வுக்கூட்டம், நீதிமன்ற வழக்கு, தேர்வுப் பணி, கட்டட வேலை என்று அந்தப் பாடவேளைகள் ஒவ்வொன்றாகக் கரைந்து, ஆண்டின் நடுவில் வேறோர் ஆசிரியரின் கணக்கில் போய்ச் சேர்வது பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது.

ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் வகுப்பிலிருந்து வெளியே வர முடியாமல் தவிக்கிறார். இன்னொன்றில் வகுப்புக்குள் போக முடியாமல் இருக்கிறார். இரண்டு இடத்திலும் குறை ஒன்றே. கற்பிப்பதற்கு ஒரு நேரம், பள்ளியை நடத்துவதற்கு ஒரு நேரம் என்று யாரும் கணக்கிட்டுத் தரவில்லை.

இது தற்செயலாக நேர்ந்ததல்ல. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே இதற்கு வழி வைத்திருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வகுப்புகளில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்கிறது அந்த அட்டவணை. குழந்தைகள் எண்ணிக்கை 150-ஐத் தாண்டினால்தான் ஐந்து ஆசிரியர்களுக்கு மேல் ஒரு தலைமையாசிரியர் தனியாகச் சேர்கிறார். நடுநிலை வகுப்புகளில் முழுநேரத் தலைமையாசிரியருக்கான வரம்பு 100 குழந்தைகள். அதற்குக் கீழே உள்ள பள்ளிகளில் தலைமைப் பொறுப்பு என்பது முழுநேர ஆசிரியர் ஒருவரின் தோளில் கூடுதலாக ஏற்றிவைக்கப்படும் சுமை. அந்தப் பொறுப்புக்கென வாரத்தில் ஒரு மணி நேரம்கூட அட்டவணை ஒதுக்கவில்லை.

பொறுப்புகளோ ஆண்டுதோறும் கூடியே வந்திருக்கின்றன. பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்ட வேண்டும். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் மதிப்பீடுகளைப் பதிவேற்ற வேண்டும். அதே ஆண்டு செப்டம்பரில் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்டில் மாநிலமெங்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தைக் கண்காணிக்க வேண்டும். ஒவ்வொன்றும் நல்ல திட்டம். குழந்தைகளுக்குத் தேவையான திட்டம். அதனால்தான் அவற்றை நடத்துபவரின் நேரத்தைப் பற்றி அக்கறையோடு பேச வேண்டியிருக்கிறது.

இதற்குத் தலைமையாசிரியரை வகுப்பிலிருந்து முழுதாக விடுவிப்பதே தீர்வு என்று ஆசிரியர் சங்கங்களுக்குள்ளேயே சிலர் வாதிடுவதுண்டு. அவர்களின் களைப்பு உண்மையானது. அந்தத் தீர்வை மட்டும் இவ்விதழால் ஏற்க இயலாது.

காரணம் எளியது. தமிழ்நாட்டின் பாடநூல்கள் 2018-19-இல் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கும் மறு ஆண்டு மற்ற வகுப்புகளுக்கும் அடியோடு மாறின. அதற்கு முன்பே கற்பிப்பதை நிறுத்திவிட்ட ஒரு தலைமையாசிரியர் இன்றைய நூலின் ஒரு பாடத்தைக்கூட நடத்திப் பார்த்தவரல்ல. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலின் கனம் என்ன, எந்த இடத்தில் பிள்ளைகள் திணறுகிறார்கள், எந்தச் செயல்பாடு நாற்பது நிமிடத்துக்குள் முடியாது என்பது அவருக்குத் தேர்ச்சி விழுக்காடாக மட்டுமே தெரியும். அவர் வகுப்பின் பின்பெஞ்சில் அமர்ந்து பார்வையிட்டு எழுதும் குறிப்பை இளம் ஆசிரியர் மதிப்பாரா? தானும் காலையில் ஒரு வகுப்பெடுத்துவிட்டு வந்து உட்காரும் தலைமையாசிரியரின் சொல்லுக்கு இருக்கும் எடையே வேறு.

உக்ரைனின் பாவ்லிஷ் கிராமத்துப் பள்ளிக்கு 1948-இல் தலைமையாசிரியராக வந்த வசீலி சுகோம்லின்ஸ்கி இதை வாழ்ந்து காட்டியவர். அதற்கு முன் அவர் மாவட்டக் கல்வித்துறையின் பொறுப்பில் இருந்தார். தானே கேட்டுக்கொண்டு பள்ளிக்குத் திரும்பினார். 1970-இல் இறக்கும்வரை அந்தப் பள்ளியிலேயே இருந்தார். நிர்வாகத்தோடு மொழியும் இலக்கியமும் கற்பித்தார். சக ஆசிரியர்களின் வகுப்புகளில் நாள்தோறும் அமர்ந்தார். ஆறு வயதுக் குழந்தைகளின் குழுவொன்றைச் சேர்த்து, பள்ளிப்படிப்பு முடியும்வரை அவர்களின் ஆசிரியராகத் தொடர்ந்தார். அவர் எழுதிய நூல்கள் உலகமெங்கும் வாசிக்கப்படுவதற்குக் காரணம், அவற்றின் ஒவ்வொரு கருத்துக்கும் பின்னால் பெயரும் முகமும் உள்ள ஒரு குழந்தை இருந்ததுதான். குஜராத்தின் பாவ்நகரில் வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டு 1920-இல் பால மந்திரைத் தொடங்கிய கிஜுபாய் பதேகாவும் நிறுவனத்தை நடத்திக்கொண்டே குழந்தைகளோடு தரையில் அமர்ந்தவர். அவருடைய ‘பகல் கனவு’ தமிழ்நாட்டு ஆசிரியர்கள் பலருக்கு அறிமுகமான நூல்.

தொலைவில்தான் தேட வேண்டும் என்பதில்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, அதற்கு நிர்வாக ஆதரவு தந்தவர் எம்.பி. விஜயகுமார் என்ற இ.ஆ.ப. அதிகாரி. ரிஷிவேலிக்குச் சென்று முறையைக் கற்றுவந்து, அட்டைகளைத் தமிழில் உருவாக்கி, மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர்கள் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள். வகுப்பறையில் நின்றவர்களே ஒரு மாநிலத்தின் கற்பித்தல் முறையை மாற்றும் வேலைக்குத் தலைமை தாங்கினார்கள். அந்த முறையின் குறைநிறைகள் குறித்து வாதங்கள் உண்டு. ஆசிரியரால் அப்படித் தலைமை ஏற்க முடியும் என்பதில் வாதமில்லை.

அப்படிப்பட்ட ஆசிரியருக்கு நம் துறை வைத்திருக்கும் பரிசு என்ன? இடைநிலை ஆசிரியர் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராகலாம். நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலராகலாம். மேல்நிலைப்பள்ளித் தலைமையாசிரியர் மாவட்டக் கல்வி அலுவலராகலாம். ஒவ்வொரு பதவி உயர்வும் அவரைக் குழந்தைகளிடமிருந்து ஒரு படி விலக்குகிறது. நன்றாகக் கற்பிப்பவர் கற்பித்துக்கொண்டே உயர இங்கே வழியில்லை.

சிங்கப்பூர் 2001-இல் இந்த முடிச்சை அவிழ்த்தது. ஆசிரியப் பணியில் கற்பித்தல், தலைமைத்துவம், சிறப்பு நிபுணத்துவம் என மூன்று தடங்களை வகுத்தது. கற்பித்தல் தடத்தில் செல்பவர் மூத்த ஆசிரியர், முன்னணி ஆசிரியர், தலைசிறந்த ஆசிரியர் என்று பணிநிலையிலும் ஊதியத்திலும் உயரலாம். சக ஆசிரியர்களை வழிநடத்துவது அந்தப் பதவிகளின் வேலையிலேயே அடங்கும். அங்குள்ள தமிழாசிரியர்களுக்கும் இதே தடம் திறந்திருக்கிறது.

நேரத்துக்கான விடையை அயர்லாந்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அந்நாட்டின் தொடக்கப்பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவை, வகுப்பெடுக்கும் தலைமையாசிரியரால் நடத்தப்படும் சிறிய பள்ளிகள். நம் கிராமப் பள்ளிகளைப் போலவே அங்கேயும் அவர்கள் நெடுநாள் நெருக்கடியில் இருந்தார்கள். 2022-23 கல்வியாண்டு முதல் அவர்கள் ஒவ்வொருவருக்கும் வாரத்துக்குக் குறைந்தது ஒரு நாள் நிர்வாகப் பணிக்கென விடுவிப்பு கிடைக்கிறது. அண்டைப் பள்ளிகள் சில ஒன்றாகச் சேர்ந்து ஒரு மாற்று ஆசிரியரைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடும் உண்டு. தலைமையாசிரியர் அலுவலக வேலையைப் பார்க்கும் நாளில் அவர் வகுப்பு அநாதையாவதில்லை. மற்ற நாட்களில் அவர் ஆசிரியராகவே இருக்கிறார்.

தமிழ்நாட்டில் இதற்கான கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. குறுவள மையங்கள் அண்டைப் பள்ளிகளை ஒன்றிணைத்து வைத்திருக்கின்றன. ஐந்து ஈராசிரியர் பள்ளிகளுக்கு ஒரு மாற்று ஆசிரியர் என்று நியமித்தால், திங்கள் முதல் வெள்ளிவரை நாளுக்கொரு பள்ளி. தலைமையாசிரியருக்கு வாரத்தில் ஒரு முழு நாள் கிடைக்கும். அன்று பதிவேடுகள் முடியும், பெற்றோரைச் சந்திக்கலாம், சக ஆசிரியரின் வகுப்பில் அமரலாம். செலவு ஐந்து பள்ளிக்கு ஓர் ஊதியம். காலை உணவுக்கு நிதி கண்ட அரசுக்கு இது எட்டாத தொகையல்ல.

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குத் தேவை வேறு. தலைமையாசிரியருக்கு வாரம் நான்கு பாடவேளைகள், ஒரே வகுப்பில், ஆண்டு முழுவதும் என்று கால அட்டவணையில் எழுத வேண்டும். அந்த நேரத்தில் அவரை எந்த அலுவலகமும் நேரிலோ காணொலியிலோ கூட்டத்துக்கு அழைக்கக்கூடாது என்று ஆணையில் இருக்க வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலரும் ஆசிரியர் பயிற்றுநரும் பள்ளிக்கு ஆய்வுக்கு வரும் நாளில் ஒரு வகுப்பை எடுத்துக் காட்டிய பிறகே மற்றவர் வகுப்பைப் பார்வையிட வேண்டும். கற்பித்தலிலேயே நீடிக்க விரும்பும் ஆசிரியருக்கு, தலைமையாசிரியருக்கு இணையான ஊதியநிலையோடு மூத்த வழிகாட்டி ஆசிரியர் என்றொரு பணிநிலை வேண்டும்.

ஓய்வூதியம், பணிமாறுதல், ஊதிய முரண்பாடு என்று ஆசிரியர் சங்கங்கள் அரசின் முன் வைக்கும் நியாயமான கோரிக்கைகளின் பட்டியலில் தலைமையாசிரியரின் நேரமும் இடம்பெற வேண்டும். பள்ளிக் கல்வித் துறை மாவட்டத்துக்கு ஒரு வட்டாரத்தையேனும் தேர்ந்து, வரும் ஜூனில் பள்ளிகள் திறக்கும் முன் மாற்று ஆசிரியர்களை அமர்த்தி, ஓராண்டு நடத்திப் பார்க்கட்டும். அந்த ஆண்டின் முடிவில் கருத்துக் கேட்கும்போது, தலைமையாசிரியர்களோடு அவர்களிடம் படித்த குழந்தைகளின் பெற்றோரையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.