பாவண்ணனை எந்த அலமாரியில் வைப்பது?

தமிழ்த்துறைகளில் ஓர் எழுத்தாளரை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள விரும்பும் மாணவரிடம் முதலில் கேட்கப்படுவது, சிறுகதையா, நாவலா, கவிதையா என்பதுதான். தலைப்பு பதிவாக வேண்டுமெனில் படைப்பாளியைத் துண்டாக்கியாக வேண்டும். ஒரே வகைமையில் எழுதியவருக்கு இதனால் பெரிய இழப்பு இல்லை. பெங்களூரில் பல ஆண்டுகள் வாழ்ந்து எழுதிவந்த பாவண்ணனைப் போன்ற ஒருவருக்கோ இந்தக் கேள்வியே ஒரு தீர்ப்பாகிவிடுகிறது. சிறுகதை, நாவல், கவிதை, சிறுவர் பாடல், வாசிப்புக் கட்டுரை, அனுபவக் கட்டுரை, காந்தியத் தொண்டர்களைப் பற்றிய சித்திரங்கள், கன்னடத்திலிருந்து நாடகமும் நாவலும் தன்வரலாறும் என விரியும் எழுத்து அவருடையது. ஆய்வேடுகள் இவற்றுள் ஒன்றை வெட்டியெடுத்து, எஞ்சியவற்றை முன்னுரையின் இரண்டாம் பத்தியில் ஒரு பட்டியலாக்கி நகர்ந்துவிடுகின்றன. அந்தப் பட்டியலுக்குள்தான் அவருடைய எழுத்தின் உயிர்நிலை கிடக்கிறது.

1958இல் விழுப்புரத்தை அடுத்த வளவனூரில் பிறந்தவர் பாவண்ணன். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையில் பொறியாளராகச் சேர்ந்து, பணியின் பொருட்டுக் கர்நாடகம் சென்றார். தொலைபேசிக் கேபிள் புதைக்கும் வேலை என்பது அலுவலக மேசையில் முடிவதன்று. மண்ணைத் தோண்டும் கூலியாட்களோடும், வழியில் குறுக்கிடும் வயல்காரரோடும், கூடாரத்துக்கு அருகில் தேநீர் விற்பவரோடும் நாளெல்லாம் பேசியாக வேண்டிய வேலை. அங்குதான் அவருக்குக் கன்னடம் வந்தது. பாடநூல் வழியே வந்த மொழி வேறு, பள்ளம் தோண்டும் இடத்தில் காதுவழியே வந்த மொழி வேறு. ஆற்றின் பெயரையே தலைப்பாகக் கொண்ட 'துங்கபத்திரை' என்னும் கட்டுரைத் தொகுதி, அவருடைய மொழிபெயர்ப்புகளைப் பேசும் எவரும் முதலில் படிக்க வேண்டிய நூல். மொழிபெயர்ப்பு ஆய்வாளர்கள் அதைத் திறப்பதே இல்லை. அது கட்டுரை இலக்கியம் என்னும் வேறொரு அலமாரியில் இருப்பதே காரணம்.

தமிழுக்கும் கன்னடத்துக்கும் இடையிலான இலக்கியப் போக்குவரத்தில் இவருடைய இடம் சற்று வேறானது. தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்து கன்னடச் சிறுகதையின் மூலவர்களுள் ஒருவரான மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் ஞானபீடம் வரை சென்றார். மைசூரில் வளர்ந்த ஏ.கே. ராமானுஜன் கன்னடத்தில் கவிதை எழுதியபடியே சங்கப் பாடல்களையும் வசனங்களையும் ஆங்கிலத்துக்குக் கொண்டு சென்றார். இருவரும் இரு மொழிகளுக்கு நடுவே பிறந்தவர்கள். பாவண்ணன் பிழைப்புக்காகச் சென்ற இடத்தில், வளர்ந்த வயதில், அடுத்தவர் மொழியைக் கற்றுக்கொண்டு அதைத் தாய்மொழிக்குள் கொண்டுவந்தவர். பெங்களூரில் வாழும் இலட்சக்கணக்கான தமிழர்களுள் பெரும்பாலோர் செய்வதும் முதற்பாதி வரை இதுவேதான். கன்னடம் கற்கிறார்கள், பேசுகிறார்கள், பேரம் செய்கிறார்கள். இரண்டாம் பாதியை, அதாவது கேட்டதை ஊருக்குத் திருப்பி எழுதுவதை, மிகச் சிலரே செய்தார்கள்.

அவர் அதைச் செய்த காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். அல்சூர் ஏரிக்கரையில் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை திறக்கப்படாமலே துணி சுற்றி நின்றது. 2009 ஆகஸ்டில்தான் அது திறக்கப்பட்டது. அதே மாதத்தில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. இரண்டு அரசுகள் இரண்டு சிலைகளைத் திறக்க ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில்தான் கிரீஷ் கர்னாடின் 'நாகமண்டலம்', 'அக்னியும் மழையும்' ஆகிய நாடகங்கள் பாவண்ணனின் கைவழியாகத் தமிழுக்கு வந்தன. சித்தலிங்கையாவின் 'ஊரும் சேரியும்', அரவிந்த மாளகத்தியின் 'கவர்ன்மென்ட் பிராமணன்', எஸ்.எல். பைரப்பாவின் 'பருவம்' ஆகியவையும் அவ்வாறே வந்தன. எந்தப் பேச்சுவார்த்தைக் குழுவிலும் இடம்பெறாத ஓர் அரசு ஊழியர், அலுவலகம் முடிந்த மாலைகளில் செய்த வேலை இது. இதை நல்லிணக்கப் பணி என்று மேடையில் புகழ்வது எளிது. அப்படிப் புகழ்ந்தால் நூல்களுக்குள் இருப்பது மறைந்துவிடும் என்பதே சிக்கல்.

உள்ளே இருப்பதைப் பார்ப்போம். தமிழில் பாமாவின் 'கருக்கு' வெளிவந்தது 1992இல். தலித் தன்வரலாறு என்பது எவ்வாறு எழுதப்படும், எந்தக் குரலில் பேசும் என்பது இங்கே இன்னும் முடிவாகாதிருந்த காலம் அது. தொண்ணூறுகளின் பிற்பாதியில் சித்தலிங்கையா தமிழில் பேசத் தொடங்கினார். மாகடிப் பக்கத்துச் சேரியிலிருந்து பெங்களூரின் ஸ்ரீராமபுரத்துக்கு வந்து சேர்ந்த ஒரு சிறுவனின் கதை. பசியும் அவமானமும் நிறைந்த வாழ்க்கையைச் சிரித்தபடி சொல்லும் நூல் அது. அந்தச் சிரிப்பைத் தமிழில் கொண்டுவருவதுதான் கடினம். சற்றே உரத்துச் சொன்னால் கேலியாகிவிடும், சற்றே தாழ்த்தினால் பரிதாபமாகிவிடும். பாவண்ணனின் தமிழ் இரண்டுக்கும் இடையே நின்றது. அவருடைய சொந்தக் கதைகளின் அடங்கிய நடை இதற்கு உதவியது என்று கொள்ள இடமுண்டு. தன் கதைகளில் குரலை உயர்த்தாத ஒருவரே சித்தலிங்கையாவின் குரலைக் கெடுக்காமல் கடத்த முடிந்தது. புனைவையும் மொழிபெயர்ப்பையும் தனித்தனியே படிப்பவருக்கு இந்த உறவு புலப்பட வாய்ப்பில்லை.

'பருவம்' முற்றிலும் வேறொரு தேவையை முன்வைத்த நூல். மகாபாரதத்திலிருந்து தெய்வங்களையும் வரங்களையும் நீக்கிவிட்டு, முதுமையும் காமமும் வாரிசுக் கவலையும் போர்க்களத்து நாற்றமுமாக அதை மீண்டும் கட்டிய பெருநாவல். மத்ர நாட்டின் முதிய சல்லியனிடம் தொடங்கி, குந்தி, திரௌபதி, பீமன், கர்ணன் என ஒவ்வொருவர் மனத்துக்குள்ளும் புகுந்து வெளிவரும் கதைசொல்லல். அவ்வளவு நீண்ட மனவோட்டங்களைத் தளராமல் தமிழில் நடத்திச் சென்றதற்காகச் சாகித்திய அகாதெமி 2005ஆம் ஆண்டுக்குரிய மொழிபெயர்ப்புப் பரிசை அவருக்கு வழங்கியது. தகுதியான பரிசுதான். அதன்பின் நேர்ந்ததுதான் வருத்தத்துக்குரியது. பொதுப் பேச்சில் அவர் பெயரின் முன் 'மொழிபெயர்ப்பாளர்' என்னும் அடைமொழி ஒட்டிக்கொண்டது. 1987இல் வெளிவந்த முதல் தொகுதி 'வேர்கள் தொலைவில் இருக்கின்றன', கதா விருது பெற்ற 'முள்' சிறுகதை, புதுச்சேரி ஆலை மூடப்பட்டதால் சிதறிப்போன தொழிலாளர்களைச் சொன்ன 'சிதறல்கள்' நாவல் எல்லாம் அந்த அடைமொழிக்குப் பின்னால் சென்றுவிட்டன.

இங்கு யாரும் அதிகம் கவனிக்காத ஒன்றையும் குறிப்பிட வேண்டும். கர்னாடும் பைரப்பாவும் ஒரே மேடையில் அமர்த்தக்கூடிய பெயர்கள் அல்லர். 2006இல் திப்பு சுல்தானை முன்னிட்டு இருவருக்கும் இடையே கன்னட நாளிதழில் நடந்த மோதல் அந்த மாநிலத்தின் அறிவுலகையே இரு அணிகளாகப் பிரித்தது. அவ்விரு அணிகளையும் ஐயத்தோடு நோக்கும் நியாயமான காரணங்கள் தலித் எழுத்தாளர்களுக்கு இருந்தன. இம்மூன்று தரப்பினரையும் ஒரே மனிதர் தமிழாக்கியிருக்கிறார். அணி சார்ந்த ஒருவரால் இதைச் செய்திருக்க முடியாது. கொள்கையற்ற தன்மை என்று இதைக் குறை சொல்வோர் இருக்கலாம். தெரிவில் அரசியல் இல்லையா, பைரப்பாவைக் கொண்டுவருவதன் விளைவு என்ன என்று கேட்பதும் முறையே. ஆயினும் கன்னட இலக்கியம் தன்னோடு தானே சண்டையிடுவதைத் தமிழ் வாசகர் நேரில் காண வேண்டுமென்றால் எல்லாத் தரப்பும் வந்தாக வேண்டும். ஒரு தரப்பை மட்டும் கொண்டுவந்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது கன்னடம் அன்று, கன்னடத்தைப் பற்றிய நம் விருப்பம் மட்டுமே.

குறைகளும் சொல்லப்பட வேண்டும். பாவண்ணனின் புனைவுலகில் தீமைக்குப் போதிய இடமில்லை. கீழ்மையான ஒரு மனிதன் வந்தாலும் கதை முடிவதற்குள் அவனுக்கொரு விளக்கம் கிடைத்துவிடுகிறது. ஒன்றிரண்டு கதைகளில் இது கனிவு, ஒரு தொகுதி முழுவதும் தொடரும்போது பழக்கம். நாவல்களைவிடச் சிறுகதைகளே வலுவானவை என்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். சிறுகதையில் இரக்கம் ஒரு மின்னலாக வந்து போகலாம், நாவலில் அதுவே நெடுநேரம் நின்றால் முரண்கள் மழுங்கும். வாசிப்புக் கட்டுரைகளைக் குறித்தும் இதே புகார் உண்டு. திண்ணை இணைய இதழில் தொடராக வந்த 'எனக்குப் பிடித்த கதைகள்' ஒரு தலைமுறைக்குத் தமிழ்ச் சிறுகதையின் வரைபடமாக அமைந்தது. ஒவ்வொரு கட்டுரையும் தன் வாழ்வில் கண்ட ஒரு நிகழ்ச்சியில் தொடங்கிக் கதைக்குள் நுழையும். ஆனால் தனக்குப் பிடிக்காத கதைகளைப் பற்றி அவர் ஏன் எழுதவில்லை என்னும் கேள்வி எஞ்சுகிறது. நிராகரிப்பைச் சொல்லாத விமர்சனத்தை விமர்சனம் என்பதா? அதை ஓர் ஆசிரியரின் சிபாரிசு என்று வைத்துக்கொண்டாலும், அந்தச் சிபாரிசின் பேரில் பழைய தொகுப்புகளைத் தேடிப்போன வாசகர்களின் எண்ணிக்கை, கறாரான விமர்சகர் பலர் ஈட்டியதைவிட மிகுதியாகவே இருக்கும்.

பெங்களூரிலிருந்து எழுதிப் பல துறைகளையும் தொட்ட இன்னொருவர் சுஜாதா. அவரும் பொதுத்துறை ஊழியர்தான், பாரத் எலெக்ட்ரானிக்ஸில். துப்பறியும் நாவலும் அறிவியல் விளக்கமும் ஆழ்வார் அறிமுகமும் நாடகமும் திரைக்கதையும் ஒரே பெயரின் கீழ் நின்றன. அவற்றைச் சேர்த்துக் கட்டியவை வார இதழ்கள். வாரந்தோறும் அந்தப் பெயரைப் பார்த்த வாசகருக்கு அது ஒரே மனிதரின் குரலாகக் கேட்டது. பாவண்ணனுக்கு அப்படியொரு கயிறு கிடைக்கவில்லை. சிற்றிதழ்கள், இணைய இதழ்கள், வெவ்வேறு சிறு பதிப்பகங்கள் என அவருடைய எழுத்து சிதறிக் கிடக்கிறது. எவர் தயவிலும் நில்லாமல் ஊதியத்தை நம்பி எழுதியதால் கிடைத்த விடுதலைக்கு அவர் கொடுத்த விலை இது. எந்த நிறுவனத்துக்கும் கடமைப்படாதவரைத் தொகுக்கும் கடமை எந்த நிறுவனத்துக்கும் இருப்பதில்லை. சிறுவர் பாடல்கள்தாம் இதில் மிகவும் பாதிக்கப்பட்டவை. அவற்றைப் பாடும் வயதுள்ளவர்கள் நூலகத்தில் தேடிப்பார்க்க மாட்டார்கள், தேடும் வயதுள்ளவர்கள் அவற்றை இலக்கியமாகக் கொள்வதில்லை.

செய்ய வேண்டிய வேலை பெரிதும் அலுப்பூட்டுவது. அவருடைய முதற்பதிப்புகள், இதழ்களில் வந்து நூலாகாதவை, மொழிபெயர்ப்புகளின் முன்னுரைகள் அனைத்துக்கும் ஆண்டு வரிசையில் ஓர் அடைவு வேண்டும். வகைமை வரிசையில் அன்று, ஆண்டு வரிசையில். 'ஊரும் சேரியும்' மேசையில் இருந்த மாதங்களில் எந்தச் சிறுகதை எழுதப்பட்டது, 'பருவ'த்தின் ஆண்டுகளில் நாவல் எழுதுவது ஏன் நின்றது என்று அப்போதுதான் கேட்க முடியும். ஒரு முனைவர் பட்டத்துக்கு இது போதாது என்று நெறியாளர்கள் சொல்லக்கூடும். எழுத்தாளர் நம்மிடையே இருக்கிறார், கேட்டால் விடை சொல்லக்கூடியவர், பழைய இதழ்கள் இன்னும் சிலருடைய பரண்களில் இருக்கின்றன.