தொடையா, கையா?

மக்களே, கொஞ்சம் சூடான பதிவு இது.

போன மாசம் மாமாவுக்கு ஆஞ்சியோகிராம். பில்லில் "க்ளோஷர் டிவைஸ்"னு தனியா ஒரு வரி, எதிர்ல பல ஆயிரம். என்னன்னு கேட்டா, "தொடை ரத்தக்குழாயில போட்ட ஓட்டையை அடைக்கிற கொலாஜன் அடைப்பான் சார்"ன்னாங்க. சரி, ஓட்டை போட்டா அடைக்கத்தான் வேணும். என் கேள்வி, ஓட்டையை ஏன் அங்க போட்டீங்க?

மணிக்கட்டு வழியா இதயத்துக்குப் போகலாம்னு 1989லயே கனடாவின் லூசியன் காம்போ எழுதிட்டார். 1992ல ஆம்ஸ்டர்டாமில் ஃபெர்டினாண்ட் கீமெனை அதே வழியில ஆஞ்சியோபிளாஸ்டியே செஞ்சார். கை ஓட்டைக்குக் காத்தடிச்ச பட்டை ஒண்ணைச் சில மணி நேரம் கட்டினா போதும். ரத்தக்கசிவு குறைவு, ஆளும் சீக்கிரமே எழுந்து நடக்கலாம். 2018 ஐரோப்பிய வழிகாட்டியும் 2021 அமெரிக்க வழிகாட்டியும் முதல்ல கையைத்தான் சொல்லுது.

"எல்லாருக்கும் கை ஒத்துவராது"ம்பாங்க. உண்மைதான். சிலருக்குக் குழாய் ரொம்பச் சின்னதா, வளைஞ்சு இருக்கும். நெஞ்சைத் திறக்காம வால்வு மாத்தப் பெரிய குழாய் விடணும், அதுக்குப் பெரும்பாலும் தொடைதான். அங்க அடைப்பானும் தையல் கருவியும் வரப்பிரசாதம். மாமாவுக்குச் சொன்ன காரணமோ வேற: "எங்க டாக்டருக்குத் தொடைதான் பழக்கம்." அவர் பழக்கத்துக்கு எங்க மாமா ஏன்யா காசு கட்டணும்?

கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி கேளுங்க: "ஏன் கையில செய்யக்கூடாது?"

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பில் கட்டினவன். மருத்துவப் பதிவர்கள் பின்னூட்டத்தில் வந்து கும்மலாம் :)