சதுப்பை அளக்கிறவனுக்கு எதற்கு இலக்கியம்?

வடமேற்கு ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் லேண்ட்ஸ்கேப் எகாலஜி, தமிழில் சொன்னால் நிலத்தோற்றச் சூழலியல், படித்தேன். இரண்டாம் செமஸ்டரில் ஜெர்மன் இலக்கியத் துறையில் ஒரு பாடம் எடுக்க விண்ணப்பித்தேன். ஆலோசகர் படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டார். வகுப்பில் உட்காரலாம், கிரெடிட் கிடையாது. துறைக்குத் தொடர்பில்லாத பாடமாம். அன்றிரவு போனில் மாமாவும் அதையே சொன்னார்: "பி2 சர்டிஃபிகேட்தான் வாங்கியாச்சே மாப்ளே, அப்புறம் கதை கவிதையெல்லாம் எதுக்கு?"

இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நெதர்லாந்து எல்லையை ஒட்டிய எம்ஸ்லாந்துக்குக் களப்பயணம் போனோம். ஒரு காலத்தில் பெரும் சதுப்புகள் பரந்து கிடந்த பகுதி. (ஜெர்மனில் அதற்கு மோர் என்று பெயர். நாம் குடிக்கிற மோர் அல்ல.) துளைக்கருவியை இறக்கிப் பீட் மண்ணின் ஆழத்தை அளந்தோம், நீர்மட்டம் குறித்தோம், ஸ்பாக்னம் பாசிகளை இனம் பிரித்தோம். நல்ல பயிற்சி, குறை சொல்ல மாட்டேன். ஜெர்மனியின் சதுப்புகளில் 90 சதவீதத்துக்கும் மேல் வடிக்கப்பட்டுவிட்டன. வடித்த நிலத்தில் பீட் மட்குவதால் வருவது நாட்டின் பசுங்குடில் வாயுக்களில் சுமார் 7 சதவீதம். இதையெல்லாம் சொல்லித் தந்தார்கள். யார் வடித்தார்கள்? "வேளாண்மைக்காக வடிக்கப்பட்டது" என்று கையேட்டில் ஒரே வரி. செயப்பாட்டுவினை எவ்வளவு வசதி, பாருங்கள். கார்ல் ட்ரோல் 1939இல் இந்தத் துறைக்குப் பெயர் வைத்தது விமானத்திலிருந்து எடுத்த படங்களை ஆராய்ந்தபோது. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் மண்வெட்டி பிடித்தவன் தெரிய மாட்டான்தான்.

1933இல் நாஜிகள் எம்ஸ்லாந்தில் முகாம்கள் அமைத்தார்கள். அரசியல் கைதிகள் கைமண்வெட்டியால் சதுப்பை வெட்டினார்கள். அதே வருஷம் பர்கர்மோர் முகாமில் அவர்களே எழுதி, மெட்டமைத்துப் பாடியதுதான் 'சதுப்புப் படைவீரர்கள்' என்ற பாட்டு. போர் முடிந்து 1950இல் எம்ஸ்லாந்துத் திட்டம் வந்தது. மிச்சத்தை ராட்சதக் கலப்பைகள் உழுது புரட்டின. அந்தப் பாட்டை நான் முதலில் கேட்டது இலக்கிய வகுப்பில், கிரெடிட் இல்லாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது.

சதுப்புக்கு அரசாங்கக் காகிதத்தில் 'பாழ்நிலம்' என்று பொருள்படும் சொல் புழங்கியதையும் அங்கேதான் கவனித்தேன். வடிப்பதற்கு 'மெலியோராட்சியோன்', அதாவது மேம்படுத்தல். பாழ் என்று பெயர் வைத்தாயிற்று என்றால் மேம்படுத்தாமல் விடுவார்களா? புறம்போக்கு என்ற சொல் நம்மூரில் வசவாகிப்போனது தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அன்னெட்டே ஃபொன் ட்ரோஸ்டே-ஹ்யூல்ஸ்ஹோஃப் 1842இல் எழுதிய 'சதுப்பில் சிறுவன்' கவிதையில் ஒரு பையன் பாடப்புத்தகத்தை இறுகப் பிடித்தபடி பேய்களுக்குப் பயந்து சதுப்பில் ஓடுகிறான். பல தலைமுறை ஜெர்மன் பிள்ளைகள் பள்ளியில் படித்த கவிதை. ட்ரோஸ்டேயைக் குற்றம் சொல்லவில்லை, சதுப்பின் சத்தங்களைக் காதுகொடுத்துக் கேட்டவர் அவர். ஆனால் பயத்தைப் பாடமாகப் படித்த சமூகத்துக்கு வடிப்பதில் என்ன தயக்கம் இருந்திருக்கும்? இலக்கியத் துறைக்காரர்களையும் விடுவதாக இல்லை. கவிதையை இரண்டு வாரம் அலசினார்கள். ஸ்பாக்னம் என்றால் என்னவென்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

புவியியலும் இதில் சளைத்ததல்ல. வால்டர் கிறிஸ்டாலரின் மையவிடக் கோட்பாட்டை (1933) படிக்காத புவியியல் மாணவர் கிடையாது. அதே கிறிஸ்டாலர் போர்க்காலத்தில் கொன்ராட் மையரின் கீழ், ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் ஜெர்மானியரைக் குடியேற்றும் திட்டத்துக்கு வேலை பார்த்தார். தேர்வில் அறுகோணம் வரையச் சொன்னார்கள். வரைந்தேன். முழு மதிப்பெண்.

கூடுதல் பாடத்துக்கு நேரமில்லை என்பார்கள். ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் ஜெர்மனையும் புவியியலையும் சேர்த்துத்தான் எடுக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் எங்கிருந்து நேரம் வருகிறது?

இப்போது சதுப்புகளில் திரும்பவும் நீரை நிறைக்க வேண்டும் என்கிறோம், சரியான காரியம்தான். அப்படி ஒரு கூட்டத்துக்கு எங்கள் குழுவோடு போயிருந்தேன். வயதான விவசாயி ஒருவர் எழுந்து கேட்டார்: "இதை வடித்துக் காட்டு, நீ நல்ல குடியானவன் என்று என் தாத்தாவிடம் சொன்னதும் உங்கள் படிப்பாளிகள்தானே?" குழுத் தலைவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, நீர்மட்ட வரைபடத்தை மறுபடியும் திரையில் போட்டார்.