உதிரிப் பாகமா, முழு வண்டியா?

சுங்கத் தீர்வைப் பட்டியலைப் பற்றி எழுதப் புகுந்தால், அது வியாபாரிகளுக்கும் வக்கீல்களுக்கும் மட்டுமே உரிய வறட்டு விஷயமென்று நண்பர்கள் சிலர் கருதக்கூடும். கப்பலிலிருந்து இறங்கும் ஒரு பெட்டிக்கு என்ன பெயரிடுவது என்னும் கேள்வியில் நமது கைத்தொழிலின் வாழ்வும் தாழ்வும் அடங்கியிருப்பதை அவர்கள் சிந்திக்க வேண்டுகிறோம்.

2024-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், ஸ்கோடா ஆட்டோ வோக்ஸ்வாகன் இந்தியா என்னும் கம்பெனிக்குச் சுங்க அதிகாரிகள் சுமார் 140 கோடி டாலர் கேட்டு நோட்டீஸ் விடுத்தனர். முழு மோட்டார் வண்டிகளையே பிரித்த நிலையில் வரவழைத்து, உதிரிப் பாகங்களென்று எழுதிக் கொடுத்ததாகக் குற்றச்சாட்டு. பிரித்த வண்டித் தொகுதிக்குத் தீர்வை நூற்றுக்கு 30 முதல் 35 வரை. உதிரிப் பாகங்களுக்கோ 5 முதல் 15 வரை என்பது அதிகாரிகள் காட்டிய கணக்கு. கம்பெனி இதை மறுத்து, 2025-ல் பம்பாய் ஹைகோர்ட்டை நாடிற்று. அவ்வழக்கின் நியாயாநியாயங்களைத் தீர்ப்பது நீதிபதிகளின் வேலை. விதி எவ்வாறிருக்க வேண்டுமென்பதே நமது கவலை.

உலக நாடுகள் பல கைக்கொண்டுள்ள பட்டியலில் மோட்டார் கார் 8703 என்ற தலைப்பிலும், அதன் பாகங்கள் 8708 என்ற தலைப்பிலும் வருகின்றன. முழுப் பொருளின் முக்கிய லட்சணம் பொருந்தியிருந்தால், குறைப்பட்டதாயினும் பிரிக்கப்பட்டதாயினும் அது முழுப் பொருளே என்பது பொது விதி. நல்லது. ஆனால் ஒரே வண்டியின் பாகங்கள் பல கப்பல்களில், பல தினங்களில் வந்தால்? சச்சரவெல்லாம் இங்கேதான் பிறக்கிறது. சீனாவும் இதில் இடறிற்று. பாகங்களுக்கு 10 சதவீதமென்று ஒப்புக்கொண்டுவிட்டு, அவை உள்நாட்டில் வண்டியான பிறகு 25 சதவீதம் வசூலித்தது. 2008 டிசம்பரில் உலக வர்த்தக ஸ்தாபனத்தின் மேல்முறையீட்டு மன்றத்தில் தோற்று, 2009-ல் அவ்விதியை ரத்து செய்தது.

கட்டுப்பாடே வேண்டாமென்போர் நம் சரித்திரத்தை நோக்குவாராக. 1928 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி அந்நிய நாட்டுப் பாகங்களைப் பம்பாயில் பூட்டி விற்று வந்தது. 1953-ல் டாரிப் கமிஷன், இந்நாட்டிலேயே வண்டி செய்யும் திட்டமில்லாதோர்க்கு இங்கு இடமில்லை என்றது. மறுவருஷமே அத்தொழிற்சாலை மூடப்பட்டது. பூட்டுவது வேறு, செய்வது வேறு என்ற அந்த உறுதியின் நிழலில்தான் அம்பத்தூர், பாடி, கோயமுத்தூர் பட்டறைகள் வளர்ந்தன. திருகாணி முதல் பிஸ்டன் வரை வார்த்தும் கடைந்தும் பிழைக்கும் ஆயிரக்கணக்கான தொழிலாளரை, பொய்ப் பெயரில் நுழையும் வண்டி வயிற்றிலடிக்கும்.

ஆயினும், காப்பு வேறு, குழப்பம் வேறு. மேற்படி நோட்டீஸ் பன்னிரண்டு வருஷத்து இறக்குமதியைத் தொட்டது. பாகமா வண்டியா என்று நிர்ணயிக்கப் பன்னிரண்டு வருஷம் வேண்டுமா? பெரிய கம்பெனி பெரிய வக்கீல்களை அமர்த்திக்கொள்ளும். ஒரு சிறு பட்டறை முதலாளிக்கு இத்தகைய நோட்டீஸ் வந்தால் கதவை மூட வேண்டியதுதான்.

ஆகவே சர்க்கார் செய்யத்தக்கவை இரண்டு. பல தவணையில் வரும் பாகங்களை எப்போது ஒரே வண்டியாகக் கொள்வது என்பதைச் சட்டத்திலேயே ஐயத்திற்கிடமின்றி எழுதுக. 2021 முதல் டில்லியிலும் பம்பாயிலும் நடக்கும் முன்கூட்டித் தீர்ப்பளிக்கும் சுங்க மன்றங்களைச் சிறு தொழிலாளர்க்கும் எளிதாக்கி, சென்னைத் துறைமுகத்திற்கும் ஒன்று அளிக்குக. சுதேசித் தொழிலுக்குத் தெளிவான சட்டமே மெய்யான அரண். அதைப் பார்லிமெண்டு அங்கத்தினர்களிடம் வற்புறுத்திக் கேட்பது தேசாபிமானிகள் அனைவரின் கடமையாகும்.