கடுகும் பச்சைமலையும்

நம் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் மீலாது மேடை ஏறுவோர் சிலரிடம் அண்மைக் காலமாக ஒரு வாதம் வேரூன்றி வருகிறது. வெளியும் காலமும் பிரிக்கவொண்ணா நுண்கூறுகளால் ஆனவை என்று அஷ்அரி இமாம்கள் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே உரைத்தனராம். இன்றைய துகள் பௌதிகம் அதனை மெய்ப்பித்துவிட்டதாம். இது கைதட்டலுக்கு உதவும், உண்மைக்கு உதவாது. அந்த இமாம்களுக்குப் பெருமையும் சேர்க்காது.

இல்முல் கலாம் வல்லுநர்களின் வாதம் எளியதன்று. பொருள் முடிவின்றிப் பகுபடுமாயின் கடுகிலும் மலையிலும் பகுதிகள் முடிவற்றனவாகும். பின்னர்க் கடுகு மலையினும் சிறிதென்பது எவ்வாறு? பச்சைமலையை எதிரே வைத்து எண்ணிப் பாருங்கள், கேள்வியின் கூர்மை விளங்கும். ஆயினும், நம் அரபுக் கல்லூரிகளில் ஓதப்பெறும் ‘ஷரஹுல் அகாயித்’ நூலில் 14-ஆம் நூற்றாண்டின் இமாம் தஃப்தாஸானி (ரஹ்) இவ்வாதத்தை எடுத்துரைத்து, வலுவற்றது என்றே ஒதுக்குகிறார். எதிர்த்தரப்பின் சான்றுகளும் குறையுடையனவே. ஆதலால் இமாம் ராஸீ (ரஹ்) முடிவு கூறாமல் நிறுத்திக்கொண்டார் என்றும் எழுதுகிறார். தம் தரப்பின் ஆதாரத்தையே உரைகல்லில் உரசிய அந்த நேர்மை எங்கே, நம் மேடை முழக்கம் எங்கே!

கடுகின் புதிரைக் கணிதத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே காண்டர் அவிழ்த்துவிட்டார். சிறு கோட்டிலும் பெருங்கோட்டிலும் புள்ளிகளின் தொகை ஒன்றே, நீளம் வேறு. ஆனால் இயற்கையின் வெளி அத்தகைய புள்ளிகளால் ஆனதுதானா? எலக்ட்ரானைப் பருமனற்ற புள்ளியாகக் கொண்டால் அதன் ஆற்றல் முடிவிலியாகிறது. அம்முடிவிலிகளைக் களையும் முறையைச் செம்மை செய்தோருள் ஒருவர், 1979-இல் நோபல் பரிசு பெற்ற அப்துஸ் ஸலாம். அம்முறை கணக்கை நேர்செய்தது. வெளியின் இயல்பு பற்றிய வினாவைத் தீர்க்கவில்லை.

சோதனை கூறுவது என்ன? ஜெனீவாவின் மாபெரும் துகள் மோதுகருவி ஒரு மீட்டரின் இலட்சம் கோடி கோடியில் ஒரு பங்கு வரை துருவிவிட்டது. வெளியின் நுண்கூறு எதுவும் தென்படவில்லை. பிளாங்க் நீளம் அதனினும் ஏறக்குறைய 16 இலக்கங்கள் கீழே கிடக்கிறது. 2009 மே மாதம் ஃபெர்மி விண்கலம், 700 கோடி ஆண்டுகட்கு மேல் பயணம் செய்த ஒளியைப் பதிவு செய்தது. வெவ்வேறு ஆற்றலுடைய கதிர்கள் ஏறத்தாழ ஒரு விநாடிக்குள் வந்து சேர்ந்தன. வெளி மணிமணியானது, அதனால் ஒளியின் வேகம் ஆற்றலுக்கேற்ப மாறும் என்ற எளிய கொள்கைகள் சில அதனால் அடிபட்டன. இதுவா மெய்ப்பித்தல்?

இன்னொன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் முஃதஸிலா அறிஞர் நழ்ழாம் இந்த அணுவை முற்றாக மறுத்தார். நாளை பௌதிகம் வெளி தொடர்ச்சியானதே என்று தீர்த்தால், நம் பேச்சாளர்கள் இமாம்களை இறக்கிவிட்டு நழ்ழாமை மேடையேற்றுவார்களோ? ஸலாம் இறைநம்பிக்கையாளர்; அவருடன் பரிசைப் பகிர்ந்த வைன்பெர்க் நாத்திகர். இருவரும் தனித்தனியே ஒரே கொள்கையைக் கண்டனர்.

மேடையில் ‘மெய்ப்பிக்கப்பட்டது’ என்று கேட்டு வளர்ந்த லெப்பைக்குடிகாட்டு மாணவன், கல்லூரிப் பாடத்தில் அப்படி எதுவுமில்லை எனக் காணும் நாளில் பேச்சாளரை மட்டுமா ஐயுறுவான்? அந்தப் பழி யாரைச் சாரும்? அடுத்த மீலாதுக்கு இவ்வாதத்தை எடுக்க எண்ணுவோர் ஷரஹுல் அகாயிதின் அப்பகுதியையேனும் ஒருமுறை ஓதிவிட்டு மேடை ஏறட்டும்.