கம்பியைத் தொடாத விமர்சனம்

சென்ற மாதம் தாம்பரத்தில் ஒரு சிறு இலக்கியக் கூட்டம். பேசியவர் மூத்த விமர்சகர், பெயர் வேண்டாம். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிதாரின் இடம் என்பது தலைப்பு. 'பிரபஞ்சத்தின் அடிநாதம்', 'கருவறையில் கேட்ட துடிப்பு', 'மண்ணின் பெருமூச்சு' என்று நாற்பது நிமிடங்களுக்கு உவமைகள் வரிசையாக வந்து விழுந்தன. முடிவில் பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞன் எழுந்து, "ஐயா, அந்தப் பதிவுகள்ல வழவழப்பான ஸ்ட்ரிங் போட்டு வாசிச்சாங்களா, சொரசொரப்பான ஸ்ட்ரிங்கா? புதுசா, பழசா?" என்று கேட்டான். அவையில் சிரிப்பு. விமர்சகரும் சிரித்துக்கொண்டே, "தம்பி, அது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி. நாம் இங்கே கலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்றார்.

அந்த இளைஞன் என்னோடு வந்தவன். படப்பையில் எனக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவன். ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் பேஸ் கிதார். திரும்பி வரும்போது வண்டலூர் தாண்டும்வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. அன்று மாலை முழுவதிலும் இசையைப் பற்றிக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அவனுடையது என்பது என் கட்சி. அதை இங்கே விரித்துச் சொல்கிறேன்.

பேஸ் கிதாருக்கு நான்கு கம்பிகள்: ஈ, ஏ, டி, ஜி. தடித்த ஈ கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. நடுவில் ஓர் உருக்கு இழை. அதன்மேல் நிக்கல் பூசிய உருக்கோ வேறு உலோகமோ நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். சுற்றும் கம்பி உருண்டையாக இருந்தால் விரலுக்குச் சொரசொரப்பு, காதுக்குத் துலக்கம். பட்டையாக இருந்தால் வழவழப்பு. ஒலியும் மங்கி, உருண்டு, மெத்தென்று வரும். 1951இல் ஃபெண்டர் கம்பெனியின் பிரிசிஷன் பேஸ் வந்தபோது பட்டைச்சுற்றுதான் வழக்கம். அறுபதுகளில் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனம் உருண்டைச்சுற்றுக் கம்பியைப் பரவலாக்கிய பிறகு அந்தக் கருவியின் குரலே மாறிப்போனது. 'தி ஹூ' குழுவின் ஜான் என்ட்விசிலைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஆக, 'அடிநாதம்' என்று நீங்கள் மெய்சிலிர்க்கிற பொருளில் ஒரு பங்கு இந்தச் சுற்றில் இருக்கிறது. இன்னொரு பங்கு அழுக்கில். வியர்வை, தோலின் எண்ணெய், தூசு எல்லாம் சுற்றுகளின் இடுக்கில் போய் அடைகின்றன. அடைந்ததும் முதலில் சாவது மேலே உள்ள நுண்ணிய துணைச்சுரங்கள். அடிச்சுரம் மட்டும் மிஞ்சும். அழுக்கு சீராகப் படிவதில்லை என்பதால் கம்பியின் எடை இடத்துக்கு இடம் மாறி, மேல் கட்டைகளில் சுருதியும் விலகத் தொடங்கும். கனரக லாரிகள் ஓயாமல் ஓடும் வாலாஜாபாத் சாலையோரம், இந்தப் புழுக்கத்தில், கம்பி எவ்வளவு காலம் உயிரோடிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். புது செட் ஒன்று இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். ஆகவே அவன் இரண்டு முறை பழைய கம்பிகளைக் கழற்றி, அம்மாவின் குழம்புப் பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்கவைத்துத் துடைத்து மாட்டியிருக்கிறான். உலகெங்கும் காசில்லாத பேஸ் கலைஞர்கள் செய்கிற வைத்தியம் இது. எண்ணெய்ப்பசை கரைந்து சில நாட்களுக்குக் குரல் திரும்பும். பிறகு மறுபடி மங்கும். (பாத்திரத்துக்காக அவன் வாங்கிய திட்டு தனிக்கதை.)

கூட்டத்துக்கு அடுத்த நாள் இரவு என் வீட்டுத் திண்ணையில் புது செட் மாட்டினான். நான்கு கம்பிகளும் சேர்ந்து கழுத்தின்மேல் செலுத்தும் இழுவிசை ஏறத்தாழ 80 கிலோ. அதனால் அவன் ஒரேயடியாகக் கழற்றுவதில்லை. ஒன்றைத் தளர்த்தி எடுத்து, அந்த இடத்தைத் துடைத்து, புதியதை ஏற்றிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவான். கம்பியை முறுக்காணியைத் தாண்டி ஒரு சாண் நீளம் விட்டு அளந்தான். வெட்டுவதற்கு முன்னால் வெட்டும் இடத்துக்குச் சற்று முன்பே செங்கோணமாக மடித்தான். மடிக்காமல் வெட்டினால் சில கம்பிகளில் மேற்சுற்று உள்ளிழையைவிட்டு நழுவி, மாட்டுகிறபோதே கம்பி செத்துவிடும். பிறகு நுனியை ஆணியின் நடுத்துளையில் செருகி, சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் கீழ்நோக்கி இறங்கும்படி மூன்று சுற்று. இத்தனையும் கைக்கணக்கு. பகலில் போல்ட்டுகளை அளவான முறுக்கில் இறுக்குகிற கை அது. விமர்சகருக்கு இது கடைக்காரர் வேலை.

'பழைய கம்பியில்தானே ஆன்மா இருக்கிறது?' என்று ஒரு நண்பர் கேட்டார். ஜேம்ஸ் ஜேமர்சன் பெயரைச் சொல்லாமல் இந்த வாதம் முடிவதில்லை. டெட்ராய்ட்டின் மோடவுன் பாடல்களுக்கு அடித்தளம் போட்டவர். லா பெல்லா பட்டைச்சுற்றுக் கம்பிகள். அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்பது பிரசித்தம். உண்மைதான். ஆனால் அது அவர் காதால் கேட்டு, அறிந்து எடுத்த முடிவு. மங்கல் அவருக்கு வேண்டியிருந்தது. எதற்கு மாற்றவேண்டும் என்று தெரியாமலிருப்பதும், மாற்றவேண்டாம் என்று தெரிந்திருப்பதும் ஒன்றல்ல. அதே ஜேமர்சனின் பெயர் 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வரும்வரை மோடவுன் இசைத்தட்டு உறைகளில் இடம்பெறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆன்மாவைப் பற்றி அதிகம் பேசப்படும் இடங்களில் கைக்குச் சொந்தக்காரன் பெயர் விடுபட்டுப்போவது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

நம்மூரில் மட்டும் என்ன? 'பகலில் ஓர் இரவு' (1979) படத்தில் பாலசுப்ரமணியம் பாடிய அந்தப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பேஸை நீக்கிவிட்டால் பாதிப் பாட்டு காணாமற் போய்விடும். இளையராஜாவின் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். நான் படித்த இளையராஜா கட்டுரைகளில் கால்வாசியில்கூட அவர் பெயர் இல்லை. ராஜா எழுதிக்கொடுத்ததைத்தானே வாசித்தார் என்பார்கள். சரி, சுரம் தாளில் இருந்தது; விரல் எங்கே தொட்டது, எந்தக் கணத்தில் விட்டது என்பதெல்லாம் தாளிலா இருந்தது? பின்னாளில் ஏ.ஆர். ரஹ்மான் தன் ஒலித்தகடுகளில் கருவிக் கலைஞர்களின் பெயர்களை அச்சிட்டதால்தான் கீத் பீட்டர்ஸ் என்ற பேஸ் கலைஞரைப் பலருக்கும் தெரிந்தது. அதைச் செய்தது ஓர் இசையமைப்பாளர், நம் விமர்சகர்கள் அல்லர்.

'இலக்கியவாதிக்கு இதெல்லாம் எதற்கு' என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் எனக்கு உண்மையில் கோபம் வருகிறது. தமிழ் இலக்கியத்தின் பெயரால் இதைச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. எங்கள் ஊர்ப்பெயரே சங்கச் சொல். படப்பை என்றால் தோட்டம், கொல்லை. ஊரைத் தாண்டிப் போகிற சாலை காஞ்சிப் பக்கம் போகிறது. அந்தக் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் ஆற்றுப்படுத்துகிற பெரும்பாணாற்றுப்படை, பாணனின் யாழை எப்படி அறிமுகம் செய்கிறது? பிரபஞ்ச நாதம் என்றா? பத்தர், அதை மூடிய தோல், கோடு, திவவு என்று உறுப்பு உறுப்பாகச் சொல்லிக்கொண்டு வந்து, நரம்பு பொன்னைக் கம்பியாக வார்த்தாற்போல் முறுக்கு அடங்கி இருந்தது என்கிறது. முறுக்கு அடங்கியிருக்கிறதா என்பதுதான் அவன் தாம்பரத்தில் கேட்ட கேள்வி! உருத்திரங்கண்ணனார் அந்த மேடையில் இருந்திருந்தால் சிரித்திருக்கமாட்டார். உரையாசிரியர்கள் நரம்பின் குற்றங்களை நான்காக வகுத்து, அவற்றில் மயிரையும் ஒன்றாக வைத்தார்கள். சிந்தாமணியின் சீவகன் இசைப்போட்டியில் வாசிக்கத் தொடங்குமுன், கொண்டுவந்த யாழ்களின் மரத்திலும் நரம்பிலும் குற்றம் கண்டு ஒதுக்குகிறான். திருத்தக்கதேவர் அதைக் கடைக்காரர் விவகாரம் என்று விட்டுவிடவில்லை. அதைத் தன் நாயகனின் மேதைமைக்குச் சான்றாக வைத்தார்.

அவ்வளவு தூரம் போவானேன்? காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் அறிவியல் பட்டதாரி. பழந்தமிழ் நூல்களையும் ஒலியியல் கணக்கையும் ஒருசேர வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் உழைத்து, 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்டார். அடுத்த மாதமே மறைந்தார். அதிர்வெண்களை எண்ணிப் பார்த்ததால் அவருடைய தமிழ் வறண்டுபோகவில்லை. வறண்டுபோனது எதையும் எண்ணிப் பார்க்காத நம் தமிழ்தான். அதன் பிறகு பெருமூச்சு, கருவறை, பிரபஞ்சம் என்று மூன்றே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம்.

திண்ணையில் வேலை முடிய இரவு பத்தரை ஆயிற்று. கழற்றிய பழைய கம்பிகளை அவன் எறியவில்லை. காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டான். புதுக் கம்பி இரண்டு மூன்று நாட்களுக்கு நீண்டுகொண்டேயிருக்கும், சுருதி நிற்காது. ஞாயிறு ஆராதனை காலை எட்டு மணிக்கு. சனி இரவு ஷிப்ட் முடிந்து வந்ததும் மறுபடி ஒருமுறை இழுத்துவிட்டு ஈ கம்பியைச் சேர்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.