முதலில் நடை! பிறகு விமானம்!

படித்து முடித்த பிள்ளைகள் வெளிநாடு போகிறார்கள். சிலர் மேல்படிப்புக்குப் போகிறார்கள். பலர் சம்பாதிக்கப் போகிறார்கள். இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் தொண்டு செய்யப் போகிறார்கள்.

எங்கோ ஒரு நாட்டில் ஒரு பள்ளிக்கூடம், அல்லது ஓர் ஆஸ்பத்திரி, அல்லது ஓர் அகதி முகாம். அங்கே ஓராண்டு, ஈராண்டு தங்கி வேலை செய்வார்கள். சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் படி கிடைக்கும். பெரிய சம்பளம் கிடையாது. 1970-ல் ஐக்கிய நாடுகள் சபையே இதற்கென்று ஒரு தொண்டர் அமைப்பை ஏற்படுத்தியது.

அப்படிப் போகிறவர்களில் சிலருக்கு ஒரு வழக்கம் உண்டு. புறப்படுமுன் முதுகில் ஒரு பையை மாட்டிக் கொள்வார்கள். சில நாள் ஊர் ஊராக, மலை மலையாக நடந்து சுற்றுவார்கள். மேல்நாட்டுப் பிள்ளைகளிடம் இது அதிகம். நம் பிள்ளைகளிடமும் பரவி வருகிறது.

இதைக் கேட்டதும் வீட்டில் சண்டை வரும். "போகப் போவது தொண்டு செய்ய. அதற்கு முன்னால் எதற்கு ஊர் சுற்றல்? இருக்கிற நாலு நாளாவது வீட்டில் இருக்கக் கூடாதா?" என்று தாயார் கேட்பார். தகப்பனார் செலவுக் கணக்குப் பார்ப்பார்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்த நடை வீண் அல்ல. வேடிக்கைக்காக நடந்தால் அது ஊர் சுற்றல். கண்ணையும் காதையும் திறந்து வைத்துக் கொண்டு நடந்தால், அதுவே தொண்டின் முதல் பாடம்!

கோம்பைப் பெண்

தேனி மாவட்டத்தில், உத்தமபாளையம் வட்டத்தில், மலையடியில் இருக்கிறது கோம்பை. கோம்பை நாய் என்றால் தெரியாதவர்கள் குறைவு. ஊருக்கு மேற்கே மலைத்தொடர் சுவர் போல் நிற்கிறது. மேலே ராமக்கல்மெட்டு. அதற்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். ஏலக்காய் விளையும் சீமை அது.

கோம்பையில் பிறந்த ஒரு பெண் என்று வைத்துக் கொள்வோம். நன்றாகப் படித்தவள். வெளியூரில் விடுதியில் தங்கிக் கல்லூரிப் படிப்பையும் முடித்து விட்டாள். ஆப்பிரிக்காவுக்குப் போய், ஏழைத் தாய்மாருக்குத் தொண்டு செய்ய ஆசைப்படுகிறாள். நல்ல ஆசை!

ஆனால் கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்புகள் கிளம்புகின்றன. கையில் தூக்குச் சட்டியோடு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். மலை ஏறி, ஏலத் தோட்டத்தில் வேலை செய்து விட்டு, மாலையில்தான் திரும்புவார்கள். அவர்கள் எத்தனை மணிக்கு எழுந்து உலை வைக்கிறார்கள்? கைக்குழந்தையை யாரிடம் விட்டு விட்டுப் போகிறார்கள்? காய்ச்சல் வந்தால் கூலிக்கு என்ன செய்கிறார்கள்? இது அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா?

தெரியாவிட்டால் அது அவள் குற்றம் அல்ல. பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. பஸ்ஸிலே போனால் கண்ணில் படாது. நடந்து போனால்தான் தெரியும்.

நாலு நாள் பாதை

அவள் கோம்பையிலிருந்து நடக்கட்டும். உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப். நாலு நாள் போதும். அவசரம் வேண்டாம்.

உத்தமபாளையத்தில் பாறையிலே செதுக்கிய பழைய சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. கம்பத்தைச் சுற்றித் திராட்சைப் பந்தல்கள். 2023-ல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் பந்தலுக்குக் கீழே குனிந்து நிற்கிற ஆளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். மருந்து அடிக்கிற செலவு என்ன, மழை பெய்தால் என்ன ஆகும், கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று கேட்க வேண்டும்.

லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபம் இருக்கிறது. மேற்கே ஓடிய பெரியாற்றை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிய பொறியாளர் அவர். 1895-ல் தண்ணீர் வந்தது. அவர் வேற்று நாட்டுக்காரர். சம்பளத்துக்கு வேலை பார்க்க வந்தவர்தான். என்றாலும் இந்தப் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள்.

அங்கே இன்னொன்றையும் நினைக்க வேண்டும். அந்த அணைக்குக் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். காட்டுக் காய்ச்சலில் பலர் மாண்டார்கள். அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. பெயர் தெரியாமல் சுமப்பதற்குத் தயாராக இருக்கிறவர்தான் தொண்டுக்குப் போக வேண்டும்.

கோகலே போட்ட நிபந்தனை

நடந்து பார்த்து விட்டுத் தொண்டு செய் என்பது புதிய யோசனை அல்ல. 1915 ஜனவரியில் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பினார். அங்கே பல போராட்டங்களை நடத்தியவர். உலகத்துக்கே பெயர் தெரிந்தவர். வந்ததும் பொதுவேலையில் இறங்கி இருக்கலாம். ஆனால் கோகலே அவரிடம் ஒரு வாக்குறுதி வாங்கினார். "ஓராண்டு நாட்டைச் சுற்றிப் பாருங்கள். அதுவரை பொது விஷயங்களில் கருத்துச் சொல்ல வேண்டாம்" என்பதே அது.

காந்தியடிகள் அப்படியே செய்தார். மூன்றாம் வகுப்பு ரயிலில் ஏறினார். கூட்டத்தில் இடிபட்டார். காது திறந்திருந்தது. வாய் மூடி இருந்தது. அவருக்கே ஓராண்டு தேவைப்பட்டது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு நாலு நாளாவது வேண்டாமா?

சுமக்கத் தெரிய வேண்டும்

அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. 1899-ல் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டது. காயம் பட்டவர்களைத் தூக்கிச் செல்ல, காந்தியடிகள் இந்தியர்களைத் திரட்டி ஒரு தொண்டர் படை அமைத்தார். ஏறக்குறைய 1,100 பேர். முந்நூறு பேர் போக, மற்றவர்கள் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக இருந்தவர்கள். அந்த நாளில் நேட்டாலுக்குக் கூலிகளாகப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம்.

டாக்டர் பூத் என்பவர் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். காயம் பட்டவர்களைத் தூக்குக் கட்டிலில் வைத்து, ஒரு நாளைக்கு 20 முதல் 25 மைல் வரை நடந்தார்கள்!

தொண்டுக்கு நல்ல மனம் வேண்டும். அதோடு நல்ல காலும் வேண்டும், தோளும் வேண்டும் என்பதை அந்தக் கூலித் தமிழர்கள் காட்டினார்கள். முதுகுப் பையின் எடையைத் தாங்க முடியாமல் கோம்பையிலேயே உட்கார்ந்து விடுகிறவர், அயல் நாட்டில் யாருடைய சுமையைத் தூக்கப் போகிறார்?

பேச்சும் பழக வேண்டும்

1938-ல் சீனாவுக்கு இந்தியாவிலிருந்து ஐந்து டாக்டர்கள் தொண்டு செய்யப் போனார்கள். அவர்களில் ஒருவர் சோலாப்பூரில் பிறந்த துவாரகாநாத் கோட்னிஸ். அவர் சீன மொழியைக் கற்றார். அந்த மொழியிலேயே மாணவர்களுக்கு வைத்தியம் சொல்லிக் கொடுத்தார். அந்த மக்களோடு மக்களாக வாழ்ந்தார். 1942 டிசம்பரில், 32-வது வயதில், அங்கேயே இறந்தார். சீனர்கள் இன்றும் அவரை மறக்கவில்லை. வெறும் மருந்துப் பெட்டியோடு போய்த் திரும்பி இருந்தால் இந்த அன்பு கிடைத்திருக்குமா?

அமெரிக்காவில் 1961-ல் தொடங்கிய அமைதிப்படையில், தொண்டரின் காலம் பொதுவாக 27 மாதம். அதில் முதல் மூன்று மாதம் பயிற்சி. அந்த நாட்டுக் குடும்பத்தோடு தங்கி, அவர்கள் பேச்சையும் பழக்கத்தையும் கற்க வேண்டும். அந்நியர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்ததை முகம் சுளிக்காமல் சாப்பிட்டு, அவர்கள் கதையைக் கேட்கும் பழக்கம் சொந்த ஊர்ப் பக்கத்திலேயே வர வேண்டும்.

குரங்கணியை மறக்கலாமா?

இங்கே ஓர் எச்சரிக்கை. நடை என்றதும் கண்ட காட்டுக்குள் நுழைந்து விடக் கூடாது.

2018 மார்ச் 11. போடி அருகே குரங்கணி மலையில், மலையேறப் போன கூட்டம் ஒன்று காட்டுத் தீயில் சிக்கிக் கொண்டது. 23 பேர் உயிர் இழந்தார்கள். பெரும்பாலும் இளம் வயதினர். எந்தப் பெற்றோருக்கும் வரக் கூடாத துயரம் அது. தீயைக் கண்டதும் முதலில் மலைமேல் ஓடியவர்கள் யார்? குரங்கணி மக்கள்! வழி தெரிந்தவர்கள் அவர்கள். காயம் பட்டவர்களைத் துணியில் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து இறக்கினார்கள்.

அதே ஆண்டில் அரசாங்கம் மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டு வந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை அறிவித்தது. மலையூர்களின் இளைஞர்களையே வழிகாட்டிகளாகப் பயிற்றியது. தீ பிடிக்கும் காலத்தில் பாதைகளை மூடுவார்கள்.

மலையேற விரும்புகிறவர்கள் அனுமதி வாங்கிக் கொண்டு, வழிகாட்டி சொல்வதைக் கேட்டு ஏறட்டும். "எனக்குத் தெரியும்" என்கிற எண்ணம் காட்டிலும் ஆபத்து, அயல் நாட்டிலும் ஆபத்து. அந்த மண்ணில் பிறந்தவனுக்குத்தான் அந்த மண் தெரியும். உதவப் போகிறவர் அவனிடம் கேட்டு நடக்க வேண்டும்.

உள்ளூரில் தொண்டு இல்லையா?

இப்படியும் சிலர் கேட்பார்கள். "கோம்பையிலேயே இத்தனை கஷ்டம் இருக்கிறதே! பிறகு எதற்கு வெளிநாடு?"

நல்ல கேள்வி. நடந்து பார்த்த பிறகு அந்தப் பெண்ணே அப்படி நினைக்கலாம். "இங்கேயே இருக்கிறேன்" என்று பயணச் சீட்டைத் திருப்பிக் கொடுக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அப்படி நினைக்காமல் போனாலும் தவறு இல்லை. அயல்நாட்டார் நமக்குச் செய்திருக்கிறார்கள். நாமும் அயலாருக்குச் செய்ய வேண்டும். துன்பத்துக்கு எல்லைக்கோடு கிடையாது.

ஆனால் ஒன்று. கோம்பையைத் தெரிந்து கொண்டு போகிறவள், அங்கே கண்ட ஏழையைப் பார்த்து இரக்கப்பட்டு நிற்க மாட்டாள். "எங்கள் ஊரிலும் இப்படித்தான் அம்மா" என்று பக்கத்தில் உட்காருவாள். அந்த ஒரு வார்த்தையில் உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்ற பேச்சே போய் விடும்.

பெற்றோருக்கு

ஆகவே பெற்றோர் தடுக்க வேண்டாம். நாலு விஷயத்தை மட்டும் கேட்டு வாங்கட்டும். தனியாகப் போகாதே. தினமும் பொழுது சாயுமுன் எங்கே இருக்கிறாய் என்று தகவல் சொல். அனுமதி இல்லாத காட்டில் கால் வைக்காதே. உன்னால் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக் கொண்டு போ.

தாயாருக்கு மனசு கேட்கவில்லையா? முதல் நாள் அவரும் உத்தமபாளையம் வரை கூட நடக்கட்டும். அந்தப் பாதையின் கதை அவருக்குத்தான் அதிகம் தெரியும். மகள் வெளிநாட்டில் தனியாக இருக்கும் நாட்களில், அந்த ஒரு நாள் பேச்சு இருவருக்கும் துணையாக இருக்கும்.